22.4 லிட்டர்... எந்த ஊரில்?

18 கிராம் தண்ணீர் எஸ்.டி.பி. எனும் திட்ட வெப்ப அழுத்த நிலையில் எவ்வளவு இடத்தை அடைக்கும்?

பத்தாம் வகுப்பு முடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தண்ணீரின் மூலக்கூறு நிறை 18, ஆகவே 18 கிராம் ஒரு மோல், ஆகவே 22.4 லிட்டர் என்று மளமளவெனப் பதில் வரும். சரியான விடை சுமார் 18 மில்லி லிட்டர். அந்த நிலையின் பூஜ்யம் டிகிரியில் தண்ணீர் எப்படி வாயுவாக இருக்கும் என்று நின்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. டியூஷன் சென்டர்களுக்கு இந்தக் கேள்வி அத்துப்படி. மாணவர்களை விழவைக்க இதைவிட நல்ல பொறி கிடையாது.

மோல் கணக்கு கஷ்டம் என்பது பொதுவான புலம்பல். உண்மையில் அதை ரொம்பவும் சுலபமாக்கிவிட்டோம் என்பதுதான் கவலை. 5.6, 11.2, 44.8 என்ற எண்களைப் பார்த்தாலே கால் மோல், அரை மோல், இரண்டு மோல் என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். கணக்கே போடுவதில்லை. எண் நிற்கிறது, அதன் நிபந்தனை காணாமல் போகிறது.

22.4 என்பது பூஜ்யம் டிகிரி வெப்பம், ஒரு வளிமண்டல அழுத்தம் என்ற நிலையில் ஒரு மோல் வாயு அடைக்கும் லிட்டர் கணக்கு. சென்னையில் எந்த வகுப்பறை பூஜ்யம் டிகிரியில் இருக்கிறது? 30 டிகிரியில் அதே ஒரு மோல் வாயு கிட்டத்தட்ட 25 லிட்டர் ஆகிவிடும். மே மாதத்து 40 டிகிரியில் 25.7. பிரிட்டன் பள்ளிகளில் அறை வெப்பநிலைக்கு 24 லிட்டர் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த ஊர்க் குளிருக்கு அது சரி. நம் ஊருக்கு 25 என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?

போதாக்குறைக்கு 1982-ல் வேதியியலாளர்களின் சர்வதேச அமைப்பு திட்ட அழுத்தத்தை ஒரு பார் என்று மாற்றியது. அந்தக் கணக்கில் விடை 22.7. மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பில் 22.4 படித்துவிட்டு மத்தியப் பாடத்திட்டத்துக்குப் போகும் பிள்ளை, பிளஸ் ஒன்னில் 22.7-ஐப் பார்த்து முழிக்கிறது. எது சரி? எந்த அழுத்தம் என்று திருப்பிக் கேட்டால் இரண்டுமே சரி. அப்படிக் கேட்கத்தான் நாம் பழக்கவில்லை.

இந்தக் கேள்வி எங்கே உதவும் என்று பார்க்கச் சமையலறைக்குப் போவோம். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். அதில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் கலவை. கணக்குக்காக முழுவதும் பியூட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். மூலக்கூறு நிறை 58. எடையைக் கிராமாக்கி அதால் வகுத்தால் சுமார் 245 மோல். நம் ஊர் வெப்பத்துக்கு 25-ஆல் பெருக்கினால் ஆறாயிரம் லிட்டருக்கு மேல்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி உள்ள சமையலறையின் கொள்ளளவு 28 ஆயிரம் லிட்டர். காற்றில் சுமார் 2 சதவீதம் பியூட்டேன் கலந்தாலே தீப்பிடிக்க ஒரு தீப்பொறி போதும். 2 சதவீதம் என்றால் 560 லிட்டர். மோலாக்கி எடையைப் பார்த்தால் 1.3 கிலோ. சிலிண்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

அதுவும் அறை முழுக்கச் சீராகப் பரவினால்தான் இந்த அளவு. எந்த வாயுவானாலும் ஒரே வெப்பம், ஒரே அழுத்தத்தில் சம அளவு இடத்தில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் என்று 1811-ல் அவகாட்ரோ சொன்னார். அப்படியானால் ஒரு லிட்டர் காற்றையும் ஒரு லிட்டர் பியூட்டேனையும் ஒப்பிட, மூலக்கூறு நிறையைப் பார்த்தாலே போதும். காற்றுக்கு சராசரி 29, பியூட்டேனுக்கு 58. இரண்டு மடங்கு கனம். கசிந்த கேஸ் தரையை ஒட்டித் தேங்கும். அங்கே 2 சதவீதம் சேர 1.3 கிலோகூட வேண்டியதில்லை. மேலே வென்டிலேட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கமுடியாது. கதவைத் திறக்க வேண்டும், சுவிட்சைத் தொடக்கூடாது. விளம்பரங்கள் சொல்லும் இந்த எச்சரிக்கைக்கான காரணம் முழுக்க அந்த மோல் பாடத்தில் இருக்கிறது. பாடத்தைப் படித்த பிள்ளைக்கும் அது தெரியாது என்பதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

கால்குலேட்டர் இல்லாத தேர்வில் எளிதாக வகுபடும் எண் வேண்டாமா, பாடத்தை முடிக்கவே நேரமில்லையே என்று ஆசிரியர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் 25-ஆல் பெருக்குவதற்குக் கால்குலேட்டர் எதற்கு? 22.4-ஆல் பெருக்குவதைவிட அது சுலபம்.

பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. பொதுத்தேர்வில் ஒரே ஒரு ஐந்து மார்க் கேள்வி போதும்: சிலிண்டரின் எடை, அறையின் அளவு, அன்றைய வெப்பநிலை மூன்றையும் கொடுத்து, எத்தனை கிலோ கசிந்தால் ஆபத்து என்று கேளுங்கள். கேள்வித்தாளில் வந்துவிட்டால், மறுவருடமே ஒவ்வொரு வகுப்பிலும் அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நம் பள்ளிகளில் எதையும் மாற்றும் வழி அது ஒன்றுதான்.