இணையதள நன்கொடை வசூலில் வழங்கும் சொற்கள்



பள்ளிக்கூடம், அன்னதானம், மருத்துவ முகாம், வெள்ள நிவாரணம் என்று எதற்கு வசூல் நடந்தாலும் ரசீதுப் புத்தகம் முதலில் வந்து நிற்கும் இடம் கடைத்தெருதான். நம்மில் பலர் கொடுப்பவர்களாக மட்டுமின்றி, அறக்கட்டளைகளில் தலைவராகவும் பொருளாளராகவும் பொறுப்பில் இருக்கிறோம். இன்று அந்த ரசீதுப் புத்தகத்தின் வேலையில் பெரும்பகுதியை இணையதளமும் மின்னஞ்சலும் செய்கின்றன. 2017-18 நிதியாண்டு முதல் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு இல்லை என்று ஆனதும் இதற்கு ஒரு காரணம்.

வசூலை நடத்தித் தருகிறோம் என்று வரும் நிறுவனத்தார் ஆங்கிலச் சொற்களை அடுக்குவார்கள். புரியாமல் தலையாட்டினால் செலவாவது தர்மப் பணம். ஆகவே அச்சொற்களில் முக்கியமானவற்றை நம் கடை வழக்கத்தோடு ஒப்பிட்டு இங்கே விளக்குகிறோம்.

பெயர்ப்பலகையும் பூட்டும்

டொமைன் என்பது இணையதளத்தின் பெயர்ப்பலகை. டாட் ஆர்க், டாட் இன் போன்ற முடிவுக்கு நேர் முன்னால் இருக்கும் பெயரே அதன் உடையவரைக் காட்டும். அதற்கும் முன்னால் எந்தப் பெயரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். மோசடிக்காரர்கள் பிரபல அறக்கட்டளையின் பெயரை முன்னால் வைத்து, தங்கள் சொந்தப் பெயரைப் பின்னால் ஒளித்து வைப்பது இப்படித்தான். டாட் ஆர்க் என்று முடிவதாலேயே அது தர்ம ஸ்தாபனம் ஆகிவிடாது. பணம் கட்டினால் யாரும் வாங்கலாம்.

முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்தையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நாம் அனுப்பும் விவரத்தை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அது சாட்சி அல்ல. கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தால் திரையில் வரும் பெயர் அறக்கட்டளையின் பெயராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் அனுப்ப வேண்டும்.

வந்தவர், பார்த்தவர், கொடுத்தவர்

நம் கடைக்கு ஒரே பையன் காலையில் உப்பும், மதியம் தயிரும், மாலையில் தீப்பெட்டியும் வாங்க வருகிறான். வருகை மூன்று, ஆள் ஒன்று. இணையதளக் கணக்கும் இதுபோன்றதே. பக்கங்கள் திறக்கப்பட்ட எண்ணிக்கை பேஜ் வியூ. வந்து போன தடவைகள் விசிட். தனித்தனி ஆட்கள் யூனிக் விசிட்டர். இதில் ஆள் கணக்கும் துல்லியமானது அல்ல. ஒருவரே கைபேசியிலும் கணினியிலும் பார்த்தால் இரண்டு பேராக எண்ணப்படலாம்.

மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்தியதும் திறக்கும் பக்கம் லேண்டிங் பேஜ். பணம் கேட்கும் இடம் பெரும்பாலும் அதுதான். அங்கே தேவையில்லாத விவரங்களை எல்லாம் கேட்டால், தராசு முன் காத்திருந்து சலித்த வாடிக்கையாளர் போல வந்தவர் நழுவிவிடுவார். பணத்தை வாங்கி வங்கியில் சேர்ப்பது பேமென்ட் கேட்வே. கார்டு இயந்திரத்துக்குக் கொடுப்பது போல அதற்கும் கட்டணம் உண்டு. பணம் கணக்கில் சேர ஓரிரு நாள் ஆவதும் உண்டு.

திரும்பி வரும் கடிதம்

பவுன்ஸ் என்றதும் நமக்குக் காசோலை நினைவு வரும். மின்னஞ்சலிலும் அதே சொல்தான். அப்படி ஒரு விலாசமே இல்லை என்று திரும்பினால் ஹார்டு பவுன்ஸ். பெட்டி நிரம்பியிருக்கிறது என்பது போன்ற தற்காலிகக் காரணத்தால் திரும்பினால் சாஃப்ட் பவுன்ஸ். முன்னதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும். பின்னதற்கு மறுபடி அனுப்பிப் பார்க்கலாம். இணையதளக் கணக்கில் வரும் பவுன்ஸ் ரேட் வேறு. உள்ளே வந்து, மேற்கொண்டு எதுவும் செய்யாமல் திரும்பிப் போனவர்களின் விகிதம் அது.

எதன்மேல் சதவீதம்?

100 ரூபாய்க்கு வாங்கிய சரக்கை 120 ரூபாய்க்கு விற்றால், கொள்முதல்மேல் லாபம் 20 சதவீதம், விற்பனைமேல் 16.67 சதவீதம். இரண்டும் சரியே. எதன்மேல் என்று சொல்லாவிட்டால் பேச்சுக்குப் பொருளில்லை. இணைய வசூலில் நாம் ஏமாறக்கூடிய இடம் இதுவே. உதாரணத்துக்கு ஒரு கணக்கு பார்ப்போம்:

1. அனுப்பிய மின்னஞ்சல் 10,000. திரும்பியது 500. சேர்ந்தது 9,500. டெலிவரி ரேட் 95 சதவீதம்.
2. திறந்தவர் 1,900. சேர்ந்ததன்மேல் ஓபன் ரேட் 20 சதவீதம்.
3. இணைப்பை அழுத்தியவர் 190. சேர்ந்ததன்மேல் கிளிக் ரேட் 2 சதவீதம். திறந்தவர்மேல் பார்த்தால் 10 சதவீதம்.
4. பணம் கொடுத்தவர் 19. அழுத்தியவர்மேல் கன்வர்ஷன் ரேட் 10 சதவீதம், சேர்ந்ததன்மேல் 0.2 சதவீதம்.

ஆளுக்கு 500 ரூபாய் என்றால் கல்லாவில் விழுந்தது 9,500 ரூபாய். வேலை செய்தவர் கட்டணம் 8,000 என்றால் அறக்கட்டளைக்கு மிஞ்சியது 1,500. அவர் 95, 20, 10 என்று சொன்ன சதவீதங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனாலும் நாம் கேட்க வேண்டிய கணக்கு அதில் இல்லை.

ஓபன் ரேட்டை இப்போது முழுதாக நம்பவும் முடியாது. மின்னஞ்சலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படத்தை வைத்து, அது திறக்கும்போது ஒன்று என்று எண்ணுவார்கள். 2021ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த அந்தரங்கப் பாதுகாப்பு ஏற்பாட்டை வைத்திருப்பவர்களுக்கு, அவர் படித்தாலும் படிக்காவிட்டாலும் படம் தானாகத் திறந்துகொள்கிறது. எண்ணிக்கை வீங்கித் தெரிகிறது.

சம்மதமும் குப்பைக் கடிதமும்

ஆப்ட் இன் என்றால், எனக்கு அனுப்புங்கள் என்று ஒருவர் தாமே ஒப்புக்கொள்வது. அன்சப்ஸ்கிரைப் என்றால் போதும் நிறுத்துங்கள் என்பது. கேளாமல் கொத்தாக அனுப்புவது ஸ்பேம். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோர் தங்கள் டொமைனை மெய்ப்பிக்க வேண்டும். விளம்பர அஞ்சல்களை ஒரே அழுத்தில் விலகும் வசதியோடு அனுப்ப வேண்டும். ஸ்பேம் என்ற புகார் ஆயிரத்துக்கு மூன்றை எட்டவிடக் கூடாது என்று கூகுள் விதித்திருக்கிறது. மீறினால் நல்ல காரியத்துக்கான கடிதமும் குப்பைப் பெட்டிக்குப் போகும். எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய விலாசப் பட்டியலால் வரும் கேடு இது. நம் பற்றுவரவுப் பேரேட்டை எதிர்க்கடைக்காரரிடம் காட்டுவோமா? கொடுத்தவர் விலாசமும் அப்படிக் காக்க வேண்டிய பொருளே.

வெளிநாட்டுப் பணம் பற்றியும் ஒரு வார்த்தை. இணையதளம் உலகெங்கும் தெரியும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரிடம் நன்கொடை வாங்க, 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். அது இல்லாத அறக்கட்டளை அத்தொகையை ஏற்கலாகாது.

சோதித்துப் பார்ப்பதும் நிலைத்திருப்பதும்

ஏ பி டெஸ்ட் என்பது ஒரே வேண்டுகோளை இரண்டு விதமாக எழுதி, இரண்டு பகுதியினருக்குக் காட்டி, எதற்கு அதிகம் வருகிறது என்று பார்ப்பது. விக்கிப்பீடியாவை நடத்துவது 2003இல் அமெரிக்காவில் தொடங்கிய விக்கிமீடியா அறக்கட்டளை. விளம்பரம் வாங்காமல், படிப்பவர்கள் தரும் சிறு தொகைகளைப் பெரிதும் நம்பி நடக்கும் அது, தன் வேண்டுகோள் வாசகங்களை இவ்வாறு சோதித்தே வெளியிடுகிறது.

கடைசியாக, ரிடென்ஷன். சென்ற ஆண்டு கொடுத்தவர்களில் இவ்வாண்டும் கொடுத்தவர் எத்தனை பேர் என்பது இதன் பொருள். மேலே சொன்ன 19 பேரில் 10 பேர் மாதந்தோறும் 500 ரூபாய் தர ஒப்புக்கொண்டால் ஆண்டுக்கு 60,000 ரூபாய் ஆகிறது. ஒருநாள் கூட்டத்தால் கடை நடப்பதில்லை, மாத மளிகைக்காரர்களால் நடக்கிறது என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். அவர்களைத் தக்கவைப்பது உடனடி ரசீதும், பணம் என்ன ஆயிற்று என்ற நாணயமான கணக்குமே.

ஆகவே இனி யாரேனும் அறிக்கையோடு வந்தால் நான்கு கேள்விகள் கேட்போம். இது எதன்மேல் சதவீதம்? செலவு போக மிஞ்சியது எவ்வளவு? விலாசங்கள் சம்மதத்தோடு வந்தவையா? மறுபடி கொடுத்தவர் எத்தனை பேர்? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்த பிறகு கையெழுத்துப் போடுவோம். நம் சொந்தப் பணத்தில் காட்டும் கண்டிப்பை ஊரார் நம்பிக் கொடுத்த பணத்திலும் காட்டுவது நம் கடமையாகும்.