வெள்ளியும் ரூபாயும்: மலாயா – இந்திய நாணய மாற்று விகிதத்தின் வரலாறு

மலேசியத் தமிழர் வரலாறு குறித்த கட்டுரைகளிலும் மாணவர்தம் ஆய்வேடுகளிலும் ஒரு வழக்கம் தொடர்ந்து காணப்படுகிறது. தோட்டப் பாட்டாளியின் நாட்கூலி வெள்ளிக் கணக்கில் குறிக்கப்படும். அவர் ஊருக்கு அனுப்பிய பணம் ரூபாய்க் கணக்கில் குறிக்கப்படும். இரண்டுக்குமுள்ள உறவு பேசப்படாமலே விடப்படும். சில வேளைகளில் இக்கால விகிதமே பழங்காலத்திற்கும் பொருத்தப்பட்டுவிடுகிறது. 2025இல் ஒரு ரிங்கிட் இருபது ரூபாய் அளவில் மாற்றப்பட்டது. இக்கணக்கோடு 1920களின் இறுதியில் ஆடவர்க்கு வழங்கப்பட்ட ஐம்பது காசை நோக்குவோர்க்கு அது பத்து ரூபாயாகத் தோன்றக்கூடும். உண்மையில் அன்று அது முக்கால் ரூபாயைச் சற்றே கடந்த தொகைதான். இவ்விகிதம் எவ்வாறு மாறி வந்தது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இரு நாணயங்களின் பெயர்களும் தமிழர் வாயில் ஒரே பொருளைச் சுட்டுவன. ‘ரூப்ய’ எனும் வடசொல் வழிவந்த ரூபாயும், மலாயாத் தமிழர் டாலருக்கு இட்ட ‘வெள்ளி’ எனும் பெயரும் ஒரே உலோகத்தையே குறிக்கின்றன. (‘ரிங்கிட்’ என்பதோ ஸ்பானிய நாணயத்தின் பல்விளிம்பால் வந்த பெயர்.) பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மாற்று விகிதத்தை அறுதியிட்டதும் அவ்வுலோகத்தின் எடையே. மெக்சிகோ டாலரில் ஏறத்தாழ 377 கிரெயின் தூய வெள்ளி இருந்தது. இந்திய ரூபாயில் 165 கிரெயின். ஆகவே ஒரு டாலர் இரண்டேகால் ரூபாயைச் சற்று விஞ்சி நின்றது. கிழக்கிந்தியக் கம்பெனி நீரிணைக் குடியேற்றங்களின் அரசுக் கணக்கை ரூபாயில் எழுதியபோதும், சந்தை டாலரையே கைக்கொண்டது. ரூபாயைப் புகுத்தும் முயற்சிகளை வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். 1867இல் இக்குடியேற்றங்கள் முடியாட்சியின் நேரடி ஆட்சிக்கு மாறியபின் டாலரே நிலைபெற்றது.

இந்த வெள்ளி உறவு 1893இல் முறிந்தது. உலகச் சந்தையில் வெள்ளியின் விலை வீழ்ந்துகொண்டிருந்த நிலையில், இந்திய அரசு தன் நாணயச் சாலைகளில் தனியார் வெள்ளியைக் கட்டுப்பாடின்றி நாணயமாக்கும் உரிமையை நிறுத்தியது. அதனால் ரூபாய் தன் உலோக மதிப்பைவிட உயர்ந்து, 1898 அளவில் 16 பென்ஸ் எனும் நிலையை எட்டியது. மலாயாவின் டாலரோ வெள்ளியோடு சேர்ந்து சரிந்தது. 1902இன் இறுதியில் அது 18 பென்ஸ் சொச்சத்திற்கு வந்துவிட்டது. அதாவது, முன்னர் இரண்டேகால் ரூபாய் தந்த ஒரு வெள்ளி, இப்போது ஒரு ரூபாய் இரண்டணாவை அடுத்த தொகையையே தந்தது. தோட்டத்தில் கூலி காசளவில் குறையவில்லை. தஞ்சையிலோ திருச்சியிலோ இருந்த குடும்பத்தின் கைக்கு வந்தது ஏறத்தாழ பாதியாயிற்று. இக்காலக் குடிப்பெயர்வை ஆராய்வோர் பஞ்சத்தையும் கங்காணியையும் பேசுமளவு இதனைப் பேசுவதில்லை என்பது நம் கருத்து.

1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கெனத் தனி டாலர் வெளியிடப்பட்டது. 1906இல் அதன் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்டது. 28 பென்ஸை 16 பென்ஸால் வகுத்தால் ஒன்றேமுக்கால் கிடைக்கும். எனவே முதல் உலகப் போருக்கு முன்னர் நூறு வெள்ளி 175 ரூபாய் ஆகும். ஐம்பது காசு சரியாகப் பதினான்கு அணா. போர் இக்கணக்கைக் குலைத்தது. வெள்ளி விலையேற்றத்தால் ரூபாயும் ஏறி, 1919 டிசம்பரில் 2 ஷில்லிங் 4 பென்ஸைத் தொட்டது. சிறிது காலத்திற்கு ஒரு வெள்ளிக்கு ஒரே ஒரு ரூபாய்தான்! அரிசித் தட்டுப்பாட்டால் மலாயாவில் விலைகள் எகிறியிருந்த காலமும் அதுவே. பின்னர் ரூபாய் விரைவாக இறங்கியது.

ஹில்டன் யங் ஆணையத்தின் பரிந்துரைப்படி 1927இல் ரூபாய் 18 பென்ஸாக அறுதியிடப்பட்டது. 16 பென்ஸே தகும் என்று அவ்வாணையத்தில் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். பம்பாய் ஆலை முதலாளிகளின் நலன் பற்றிய விவாதமாகவே அது பெரிதும் நினைவுகூரப்படுகிறது. ஆயினும் அதன் விளைவு மலாயாத் தோட்டத்தையும் தொட்டது. புதிய விகிதத்தில் நூறு வெள்ளிக்கு 155 ரூபாய் 9 அணாவே கிட்டும். போருக்கு முந்தைய விகிதத்தோடு ஒப்பிடின் ஏறத்தாழ பத்தொன்பதரை ரூபாய் இழப்பு. ஐம்பது காசு பன்னிரண்டரை அணாவிற்கும் சற்றுக் குறைவாயிற்று. 1930இன் மந்தநிலையில் ஆடவர் கூலி நாற்பது காசாகவும் பெண்டிர் கூலி முப்பத்திரண்டு காசாகவும் குறைக்கப்பட்டபோது, அவை முறையே பத்தணா, எட்டணா என்றாயின. சீனிவாச சாஸ்திரியார் 1937ஆம் ஆண்டு அறிக்கையில் ஐம்பது, நாற்பது காசு விகிதங்களை மீட்கப் பரிந்துரைத்ததை நாம் அறிவோம். அவ்வாறு மீட்கப்பட்டாலும் பழைய பதினான்கு அணா திரும்பி வராது என்பதையும் உடன் கருதவேண்டும்.

அதன்பின் நெடுங்காலம் விகிதம் அசையவில்லை. 1931இல் பிரிட்டன் பொன்திட்டத்தை விட்டு விலகியபோதும், 1949இல் பவுனின் மதிப்பைக் குறைத்தபோதும் இரு நாணயங்களும் பவுனைப் பின்தொடர்ந்தன. ஜப்பானிய ஆட்சியின் ‘வாழைமரத் தாள்’ போர் முடிந்ததும் மதிப்பிழந்தது தனிக்கதை. 6 ஜூன் 1966 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்து, அமெரிக்க டாலருக்கு 4.76 ஆக இருந்ததை 7.50 ஆக்கியது. மலேசிய வெள்ளி 3.06 என்ற நிலையிலேயே இருந்ததால், 1.56 ரூபாய் பெற்ற ஒரு வெள்ளி 2.45 ரூபாய் பெற்றது. தாயகத்திற்குப் பணம் அனுப்புவோர்க்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான போக்கு அன்றுதான் உறுதியாகத் திசைமாறியது. மறு ஆண்டு பவுன் மீண்டும் சரிந்தபோது இரு நாடுகளும் அதனைப் பின்தொடரவில்லை, 2.45 நிலைத்தது.

இவ்விகிதங்கள் வாங்கும் ஆற்றலைக் காட்டமாட்டா. நாட்கூலியில் எவ்வளவு அரிசி வாங்க இயன்றது என்பதற்கு அவ்வாண்டின் விலைப்பட்டியலைத்தான் நாடவேண்டும். ஊருக்குச் சென்ற பணம், கடனடைப்பு, திரும்பிச் செல்வோர் சேமிப்பு ஆகியவற்றை மதிப்பிடுங்கால் மட்டும், போருக்கு முந்தைய ஆண்டுகளுக்கு 1.75, 1927 முதல் 1966 ஜூன் வரை (ஜப்பானியர் காலம் நீங்கலாக) 1.56 என்று பெருக்கிக் கொள்வது பொருந்தும். 1917க்கும் 1927க்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு மாதவாரியாக விகிதத்தைத் தேடாமல் எந்தத் தொகையையும் மாற்றலாகாது.