நடப்பது கால், வளர்வது மூளை

2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அமெரிக்காவில் கிர்க் எரிக்சன், ஆர்தர் கிராமர் குழுவினர், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 120 முதியவர்களைச் சேர்த்தார்கள். வயது 55 முதல் 80 வரை. பாதிப் பேருக்கு வாரம் மூன்று நாள் வேக நடை. மீதிப் பேருக்குக் கைகாலை நீட்டி மடக்கும் லேசான பயிற்சி. நடையும் எடுத்த எடுப்பில் கடுமையாக இல்லை. 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, ஏழாவது வாரத்தில் 40 நிமிடத்துக்கு வந்தார்கள்.

ஓராண்டு கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது! புது நினைவுகளைப் பதிய வைப்பது அந்தப் பகுதிதான். முதுமையில் அது ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் சுருங்கும். நீட்டி மடக்கியவர்களுக்கு அப்படியே 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. சுருக்கம் நின்றிருந்தாலே பெரிய செய்தி. இங்கே போனதே திரும்பியிருக்கிறது. மூளையின் இன்னொரு பகுதியான தலாமஸில் மாற்றமே இல்லை.

நினைவுச் சோதனையில் இரு குழுவினருமே முன்னேறினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நடந்தவர்களில் யாருக்கு ஹிப்போகாம்பஸ் கூடுதலாகப் பெருத்ததோ, அவர்களுக்கே நினைவும் கூடுதலாகத் தெளிந்திருந்தது. அவர்கள் இரத்தத்தில் பி.டி.என்.எஃப். என்ற புரதமும் ஏறியிருந்தது. நரம்பணுக்கள் பிழைத்திருக்கவும் புதுக் கிளை விடவும் அது வேண்டும்.

எலிகளில் இதை இன்னும் நெருங்கிப் பார்த்திருக்கிறார்கள். 1999-இல் கலிபோர்னியாவின் சால்க் நிலையத்தில், கூண்டுக்குள் ஓடுசக்கரம் வைக்கப்பட்ட எலிகளின் ஹிப்போகாம்பஸில் புது நரம்பணுக்கள் ஏறத்தாழ இரு மடங்காயின. முதிர்ந்த மனித மூளையிலும் அப்படிப் பிறக்கின்றனவா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

2020-இல் சால் வில்லேடா குழுவினர் கண்டது இதைவிட விசித்திரம். ஓடிய எலிகளின் இரத்தத் திரவத்தை, ஓடாத கிழட்டு எலிகளுக்கு ஏற்றினார்கள். ஓடாமலே அவற்றின் நினைவு கூர்மையானது. அந்தத் திரவத்தில் துருவிப் பார்த்ததில் ஒரு நொதி அகப்பட்டது. ஓடியது கால், தெளிந்தது மூளை. நொதியைச் சுரந்ததோ கல்லீரல்.