ட்வீட் துணிக்குத் தனிச் சட்டம்... மெட்ராஸ் கட்டத்துக்கு?

திருவாலங்காட்டில் காலை மின்சார ரயிலைப் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குக் கம்பளிக் கோட் தேவையே படாது. நம்ம வெயிலுக்கு அது சரிப்படாது. ஆனாலும் ரிசப்ஷன், வெளிநாட்டு வேலை என்று கோட் தைக்க நினைப்பவர்கள் ‘ட்வீட்’ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அதில் அப்படி என்ன இருக்கு?

டெய்லர்களுக்கு ஏன் பிடிக்கும்?

ட்வீட், பிரிட்டனின் குளிருக்காக நெய்யப்பட்ட தடித்த கம்பளித் துணி. ஆவி இஸ்திரியில் கொடுக்கும் வடிவத்தைக் கம்பளி பிடித்துக்கொள்ளும். அதனால் தோளும் காலரும் எடுப்பாக நிற்கும். சீக்கிரம் கசங்காது. லேசான தூறலையும் தாங்கும். முழங்கை தேய்ந்தால் லெதர் பேட்ச் வைத்துத் தைத்து இன்னும் பல வருஷம் போடலாம்.

ஹாரிஸ் ட்வீட்டில் நிறமும் ஸ்பெஷல். முதலில் கம்பளிக்குச் சாயம் ஏற்றி, பல நிறங்களைக் கலந்து, அதன் பிறகே நூற்கிறார்கள். தூரத்தில் வெறும் பழுப்பாகத் தெரியும் துணியைக் கிட்டப் பார்த்தால் உள்ளே பச்சையும் ஆரஞ்சும் இருக்கும்.

பெயருக்குக் காவல்

ஹாரிஸ் ட்வீட்டுக்காகவே 1993-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. ஸ்காட்லாந்தின் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் சாயமேற்றி, நூற்று, தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கைத்தறியில் நெய்தால்தான் அந்தப் பெயர். மில் துணிக்கு அதை வைக்க முடியாது.

நம்ம ஊர்த் துணி

இப்படி ஊர்ப் பெயரோடு உலகம் சுற்றிய துணி நமக்கும் உண்டு: மெட்ராஸ் கட்டம் போட்ட பருத்தி. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் அதை வாங்கியவர்கள், துவைத்தால் சாயம் போகிறதே என்று கொதித்தார்கள். வியாபாரிகளோ, சாயம் போவதுதான் அசலுக்கு அடையாளம் என்று விளம்பரத்தையே திருப்பிப் போட்டார்கள். 1960-களில் அது கோடைக்கால கோட்டாகவும் சட்டையாகவும் கல்லூரி மாணவர்களிடம் பரவியது.

இன்று நிலைமை வேறு. எந்த நாட்டு மில்லில் அடித்த கட்டம் என்றாலும் ‘மெட்ராஸ்’ என்றே கடையில் தொங்குகிறது. பெயர் பிரபலமானது, அதன் பலன் தறியில் உட்கார்ந்தவருக்குப் போய்ச் சேரும் என்ற உத்தரவாதம் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்திலேயே பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என நெசவை நம்பிய ஊர்கள் இருக்கின்றன.

வாங்குபவர் என்ன செய்யலாம்?

கைத்தறித் துணியை அடையாளம் காட்ட 2006-ல் மத்திய அரசு ‘கைத்தறி முத்திரை’யைக் கொண்டுவந்தது. தரமான கைத்தறிக்கான ‘இந்தியா ஹேண்ட்லூம் பிராண்ட்’ 2015 ஆகஸ்ட் 7-ல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. அடுத்த முறை காட்டன் பிளேசருக்குத் துணி எடுக்கும்போது, மீட்டர் விலையோடு அந்த முத்திரை இருக்கான்னும் பாருங்க.