கழல மறுக்கும் பிரீவீலைக் கழற்றும் முறை

கிராமங்களில் பால், காய்கறி, தீவனம் முதலியவற்றைக் கொண்டு செல்வதற்குச் சைக்கிள் பெரிதும் உபயோகப்படுகிறது. சுமையின் பெரும்பங்கு பின்சக்கரத்தின் மீதே விழுவதால், அச்சக்கரத்தின் கம்பிகள் அடிக்கடி ஒடிகின்றன. சங்கிலி ஓடும் வலப்பக்கத்துக் கம்பி ஒடியுமாயின், பிரீவீலைக் கழற்றாமல் புதுக் கம்பி கோப்பது பெரும்பாலும் இயலாது. பிரீவீலோ பல வருஷங்களாக இறுகித் துருவேறிக் கிடக்கும். அதனைக் கழற்றும் வழி அறியாதார் பொறுமையிழந்து எல்லாக் கம்பிகளையும் வெட்டிவிடுவதுண்டு. ஒரு கம்பியின் விலையோடு முடிய வேண்டிய காரியம் ஒரு சக்கரத்தின் விலையில் வந்து முடிகிறது. வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு அத்தனை நாள் வரும்படியும் நின்றுவிடுகிறது. ஆகையால் இம்முறையை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

பிரீவீலின் அமைப்பு

பிரீவீல் இரண்டு பாகங்களால் ஆனது. வெளிப்பாகம் சங்கிலி ஏறும் பல்சக்கரம். உட்பாகம் சக்கரத்தின் குடத்தின் மீது மரையால் முடுக்கப்பட்டிருப்பது. இவ்விரண்டிற்கும் நடுவே சிறு எஃகுக் குண்டுகளும், நாக்குப் போன்ற துண்டுகளும் உள்ளன. மிதிக்கும்போது அந்நாக்குகள் வெளிப்பாகத்தைப் பற்றிக்கொள்கின்றன. மிதிப்பதை நிறுத்தினால் வழுக்கி விடுகின்றன.

குடத்திலுள்ள மரை சாதாரண வலமரை. ஓர் அங்குல நீளத்தில் 24 சுற்றுக்கள் உள்ள நுண்ணிய மரை அது. மிதிக்குந்தோறும் பிரீவீல் அம்மரையில் மேன்மேலும் இறுகுகிறது. 140 ராத்தல் எடையுள்ள ஒருவர் 7 அங்குல மிதிகட்டையின் மீது ஏறி நின்றால், 14 அங்குல ஆரமுள்ள சக்கரத்தின் ஓரத்தைச் சுமார் 26 ராத்தல் பலத்தோடு திருப்புவதற்குச் சமமான முறுக்கு பின்புறத்தில் உண்டாகும். முன்சக்கரத்தில் 48 பற்களும் பிரீவீலில் 18 பற்களும் இருப்பதாகக் கொண்ட கணக்கு இது. நாள்தோறும் இவ்வாறு இறுகியதன் மேல் துருவும் சேர்ந்தால் அது எளிதில் அசையாதது வியப்பன்று.

பல்சக்கரத்தைப் பிடித்து இடப்புறமாகத் திருப்புவதில் பயனில்லை. அது வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். உட்பாகத்தையே பற்ற வேண்டும்.

முதல் முறை

பிரீவீலின் முகப்பில், அச்சைச் சுற்றி உட்பாகத்தில் இரண்டு அல்லது நான்கு வெட்டுக்கள் இருந்தால், அவற்றிற் பொருந்தும் கழற்றியொன்றை வாங்க வேண்டும். சக்கரத்தை வண்டியினின்றும் எடுத்து, டயரை அதிலேயே விட்டுவைக்க. பிரீவீலுக்கும் குடத்திற்கும் இடையேயுள்ள சந்தில், மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் கலந்து சில துளிகள் விட்டு, இரவு முழுவதும் ஊறவிட வேண்டும்.

மறுநாள் அச்சின் நட்டைக் கழற்றி, கழற்றியின் பற்களை வெட்டுக்களில் நன்றாகப் பதிய வைத்து, நட்டை மீண்டும் மேலே கையால் முடுக்குக. வேலையின் நடுவே கழற்றி நழுவி வெட்டுக்களை உடைத்துவிடாதபடி இந்த நட்டே காக்கும். பின்பு கொல்லுப்பட்டறையிலோ சைக்கிள் கடையிலோ உள்ள வைஸில் கழற்றியை இறுகப் பிடித்து, பிரீவீல் கீழே இருக்கும்படி சக்கரத்தைப் படுக்கை வாட்டில் நிறுத்துக. டயரின் இருபுறமும் இரு கைகளால் பற்றி, மேலிருந்து பார்ப்பவர்க்குக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். இங்கே சக்கரமே நெம்புகோலாகிறது. ஓரடி நீள ஸ்பானரைக் காட்டிலும் இதில் வலு அதிகம். பிரீவீல் சிறிது அசைந்தவுடன் நிறுத்தி, நட்டைத் தளர்த்திய பிறகே மேலும் திருப்ப வேண்டும். தளர்த்தாவிடில் அச்சுக்குச் சேதமுண்டாகும்.

இரண்டாம் முறை

வெட்டுக்கள் இல்லாத பிரீவீலும், வெட்டுக்கள் தேய்ந்து உடைந்த பிரீவீலும் உண்டு. இவற்றை உடைத்தே எடுக்க வேண்டியிருக்கும். புதுப் பிரீவீல் ஒன்று கையில் இருக்கட்டும். முகப்பிலுள்ள வட்டமான மூடியில் இரண்டு சிறு குழிகள் காணப்படும். இம்மூடி இடமரை உடையது. ஆகவே இதனைக் கடிகார முள் செல்லும் திசையில் திருப்பினால்தான் கழலும். இதனை அறியாமல் எதிர்த்திசையில் அடித்தால் மூடி மேலும் இறுகும். குழியில் மழுங்கிய உளியைச் சாய்வாக வைத்துச் சுத்தியலால் தட்டுக. மூடி கழன்றதும் குண்டுகள் சிதறுமாதலால் கீழே துணி விரித்திருத்தல் வேண்டும். பல்சக்கரம் தனியே வந்துவிடும். எஞ்சிய உட்பாகத்தை வைஸில் நேராகப் பிடித்து, முன்போலவே சக்கரத்தைத் திருப்பினால் அது கழலும்.

செய்யத் தகாதவை

கம்பிகளை முன்னதாக வெட்டலாகாது. கம்பியற்ற குடத்தைத் திருப்ப நெம்புகோல் ஏது? பிறகு பிரீவீலோடு குடமும் வீணாகும். டயர் இருக்கும்போது தீயால் காய்ச்சலாகாது. பல்சக்கரத்தின் பற்களில் சுத்தியலால் அடிப்பதும் கூடாது.

மீண்டும் பூட்டுதல்

குடத்தின் மரையைத் துணியால் துடைத்து, மசகு தடவிய பின், பிரீவீலைக் கையாலேயே முழுதும் திருகி ஏற்ற வேண்டும். மரை நுண்ணியதாகையால், கோணலாக ஏறினால் கெட்டுவிடும். தடை தோன்றினால் கழற்றி மீண்டும் தொடங்குக. கருவியால் முடுக்க வேண்டிய அவசியமில்லை. வண்டியை ஓட்டும்போது அது தானே இறுகிக்கொள்ளும். இன்று தடவும் மசகு, அடுத்த முறை கழற்றும் வேலையைப் பாதியாக்கும்.

கழற்றி ஒன்று தனியொருவருக்கு வருஷத்தில் ஓரிரு முறையே தேவைப்படும். ஆகவே பல சைக்கிள்கள் உள்ள ஊரில், அங்கத்தினர்கள் சேர்ந்து பொதுவில் ஒன்று வாங்கிச் சங்கத்தில் வைத்துக்கொள்வது சிக்கனமாகும். வாங்குமுன் ஊரில் வழங்கும் பிரீவீல்களின் வெட்டுக்கள் இரண்டா நான்கா என்பதைப் பார்த்துக்கொள்வது அவசியம்.