தாலியில் சிலுவை வந்த கதை

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கிறிஸ்தவ மணப்பெண்ணுக்கும் தாலி உண்டு. அதில் சிலுவை இருக்கும். இதற்காக ரோமாபுரி வரை வழக்கு நடந்தது தெரியுமா?

விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைத் தின்னலாமா என்று ஆதிகாலக் கொரிந்து சபையே திண்டாடியது. தமிழ்நாட்டிலும் அதே சங்கடம். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காவி உடுத்தார்; புலாலை விட்டார். மதம் மாறியவர்களுக்குக் குடுமியும் பூணூலும் இருக்கட்டும் என்றார். சகபாதிரிமாரே புகார் செய்தார்கள். 1623-ல் போப்பாண்டவர் 15-ம் கிரகோரி அனுமதி தந்தார்.

1704-ல் புதுச்சேரியில் போப்பின் தூதர் டூர்னோன், பிள்ளையார் பொறித்த தாலியைத் தடுத்தார். சிலுவையோ மாதா உருவமோ இருக்கலாமாம்! நோயுற்ற தாழ்த்தப்பட்டோர் குடிசைக்கும் பாதிரியார் போகவேண்டும் என்பதும் அதே உத்தரவு. தாலி மாறிவிட்டது, குடிசைக்குள் நுழையத்தான் தயக்கம். கடைசியில், 1744-ல் 14-ம் பெனடிக்ட் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு என்ன தெரியுமா? அவர்களுக்கென்று தனிப் பாதிரிமார்!