கையை எடுத்தால் அலறும் ஆர்கன்: சாஃப்ட் மெஷின்

இன்னைக்கு ஒரு பழைய கீபோர்டு, அதுல இருந்த ஒரு தொல்லை, அந்தத் தொல்லையால உருவான ஒரு வாசிப்பு முறை, இந்த மூணையும் பத்திப் பேசலாம்.

சாஃப்ட் மெஷின், இங்கிலாந்தின் கேன்டர்பரி வட்டாரத்துல இருந்து 1966-ல் வந்த பேண்ட். ஆரம்பத்துல கிட்டார் வாசிச்சவர் டேவிட் ஆலன், ஆஸ்திரேலியாக்காரர். 1967-ல் பிரான்ஸ் போயிட்டுத் திரும்பும்போது, விசா பிரச்சினையால அவரை பிரிட்டனுக்குள்ள விடல. மிச்சம் மூணு பேர்: கீபோர்டு மைக் ராட்லெட்ஜ், பேஸ் கெவின் அயர்ஸ், டிரம்ஸ் ராபர்ட் வயட். 1968-ல் ஜிமி ஹென்ட்ரிக்ஸோட அமெரிக்க டூர்ல இவங்களும் வாசிச்சாங்க. ஹென்ட்ரிக்ஸுக்கு முன்னாடி மேடை ஏறுற பேண்டுல தனியா ஒரு கிட்டாரிஸ்ட் இல்லை! அந்த இடத்தை ஆர்கன்தான் நிரப்பணும்.

ஆர்கன்ல கீ என்பது ஒரு சுவிட்ச் மாதிரி. அழுத்தினா சத்தம், விட்டா அமைதி. மெதுவா தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே அளவுதான். கிட்டார் மாதிரி சீறணும்னா வேற ஏதாவது பண்ணணும். ராட்லெட்ஜ் தன்னோட லோரி ஆர்கனை ஃபஸ் பாக்ஸ் வழியா ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தார்.

ஃபஸ் பாக்ஸ் என்ன பண்ணும்? வர்ற சிக்னலைப் பல மடங்கு பெருக்கும். ஒரு உச்சத்துக்கு மேல போக இடமில்லாததால அலையோட தலை வெட்டுப்படும். அந்த வெட்டுதான் நமக்குக் கேக்குற கரகரப்பு. கீயை அழுத்தியிருக்கிற வரைக்கும் பலமான சிக்னல் மொத்த இடத்தையும் அடைச்சுக்கும். கையை எடுத்தா நோட்டு போயிடும், பெருக்கல் மட்டும் அப்படியே இருக்கும். அதுவரைக்கும் அமுங்கிக் கிடந்த சின்னச் சின்ன இரைச்சல் முழு மடங்கு பெருகி, ஆம்ப் ஊளையிட ஆரம்பிச்சிடும்.

நான் மென்பொருள் எழுதுறவன். எங்க ஆபீஸா இருந்தா இதுக்கு ஒரு பக் டிக்கெட் போட்டிருப்போம். ராட்லெட்ஜ் தன்னோட வாசிப்பையே மாத்திக்கிட்டார். நோட்டுக்கும் நோட்டுக்கும் நடுவுல இடைவெளி விடாம வாசிச்சார். ஒரு விரல் எழும்புறதுக்குள்ள அடுத்த விரல் இறங்கியிருக்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. ஃபஸ்ல ஒரே நேரத்துல நாலு நோட்டு அனுப்பினா, அதுங்களோட கூட்டலும் கழித்தலும் புதுப்புது ஒலியா முளைச்சு எல்லாம் கூழாயிடும். அதனால ஒத்தை நோட்டு வரிசைதான் தெளிவா கேக்கும். இந்த ரெண்டும் சேர்ந்ததுதான் அவரோட சோலோ: ஒத்தை வரி, நிக்காம ஓடுற வரி.

முன்னேற்பாடு இல்லாம அப்பப்போ கற்பனையில வாசிக்கும்போது, மத்தவங்க இடைவெளியிலதான் அடுத்து என்னன்னு யோசிப்பாங்க. 1969-ல் சேர்ந்த சாக்ஸஃபோன்காரர் எல்டன் டீன் மூச்சு வாங்கியே ஆகணும். ராட்லெட்ஜ் ஓடிக்கிட்டே யோசிக்கணும். அயர்ஸுக்கு அப்புறம் பேஸுக்கு வந்த ஹ்யூ ஹாப்பர் கீழே ஒரு சொற்றொடரைத் திரும்பத் திரும்பப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். அந்தத் தரை உறுதியா இருக்கிறதாலதான் மேல ஒருத்தர் இப்படி ஓட முடியுது.

இதுக்கு ஒரு விலையும் இருந்துச்சு. 1970-ல் வந்த இரட்டை ஆல்பம் 'தேர்டு'. மொத்தம் நாலே உருப்படி, ஒரு பக்கத்துக்கு ஒண்ணு. பாட்டு வரிகள் இருக்கிறது வயட்டோட 'மூன் இன் ஜூன்'ல மட்டும்தான். 1971-ல் வந்த 'ஃபோர்த்' முழுக்க வாத்திய இசை. அதே வருஷம் வயட் பேண்டை விட்டுப் போயிட்டார். அந்த ஆர்கன் எனக்கு எவ்வளவு பிடிக்குமோ, அவ்வளவு அந்தக் குரல் போனதும் எனக்கு நஷ்டம்தான்.

இப்போ கம்ப்யூட்டர்ல இதே ஃபஸ் சத்தம் கிடைக்குது. கூடவே நாய்ஸ் கேட்டும் இருக்கு. கையை எடுத்தா சுத்தமான அமைதி. வசதிதான். ஆனா அந்த அமைதி கிடைச்சா, நிக்காம ஓட வேண்டிய கட்டாயம் போயிடும்.

கேட்டுப் பார்க்கணும்னா 'தேர்டு' முதல் பக்கம், 'ஃபேஸ்லிஃப்ட்'. 1970 ஜனவரி கச்சேரிப் பதிவுகளை ஒட்டிச் செஞ்சது. தொடக்கத்துலயே ஆர்கன் கிறீச்சிடும், அலறும். ஊளையை அடக்காம அதையே வாசிக்கிறார். அப்புறம் நாலாவது பக்கம், 'அவுட் ப்ளடி ரேஜியஸ்'. முதல் சில நிமிஷம் டேப் லூப் மட்டும்தான், பொறுமையா இருங்க. பேண்ட் நுழைஞ்சதும் ஆர்கன் சோலோ வரும். அதுல எங்கயாவது மூச்சு விடுறாரான்னு ஹெட்ஃபோன் போட்டுக் கவனிங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.